'சொல்லப்படுகிறது' என்றால் சொன்னது யார்?



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க வேண்டாம். விஷயம் இங்கிலீஷ் இலக்கணம். 'ரிட்டயர் ஆகியும் டீச்சர் விடமாட்டேங்கிறாங்களே' என்று யாரோ முணுமுணுப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. பரீட்சைக்காக எழுதவில்லை. என்னிடம் படித்த ஒருவனின் வேலை இந்த இலக்கணத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. பெயர், ஊர், கம்பெனி எதுவும் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னான். அவன் கதை கீழே வருகிறது. அது புரிவதற்கு முதலில் பாடம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். போனில் இரண்டு மொழியையும் மாற்றி மாற்றித் தட்டினால் எனக்குத் தலை சுற்றுகிறது. வகுப்பில் படித்த மாதிரி வாய்விட்டுப் படியுங்கள், புரியும்.

செய்வினை, செயப்பாட்டுவினை யாருக்கும் மறந்திருக்காது. 'ராமா கில்ட் ராவணா' என்று நான் எழுதினால், 'ராவணா வாஸ் கில்ட் பை ராமா' என்று நாற்பது பேரும் கோரஸாகத் திருப்பிப் போடுவீர்கள். கேட்டுக்கு வெளியே நின்ற ஐஸ்காரருக்கே அது மனப்பாடம். அதில் கொன்றவரும் இருக்கிறார், செத்தவரும் இருக்கிறார். இடம் மட்டும்தான் மாறுகிறது.

அதற்குப் பக்கத்து வீட்டில் இன்னொரு வகை குடியிருக்கிறது. யாரோ சொன்னதை, யாரோ நம்புவதை, யாரோ சந்தேகப்படுவதை எடுத்துச் சொல்கிற வகை. 'பீப்பிள் சே தட் ஹி இஸ் ரிச்.' அவர் பணக்காரர் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். இதை இரண்டு விதமாகத் திருப்பலாம். 'இட் இஸ் செட் தட் ஹி இஸ் ரிச்' என்பது ஒன்று. 'ஹி இஸ் செட் டு பி ரிச்' என்பது இன்னொன்று. இரண்டிலும் அந்த 'பீப்பிள்' எங்கே போனார்கள் பாருங்கள். ராமனையாவது 'பை ராமா' என்று வாலில் கட்டி வைத்திருந்தோம். இங்கே 'பை பீப்பிள்' என்று யாரும் எழுதுவதில்லை. சொன்னவர்கள் கலைந்து போய்விட்டார்கள். பேச்சுக்கு ஆளானவர் மட்டும் நடுவில் நிற்கிறார்.

நடந்து முடிந்ததைச் சொல்ல 'டு ஹேவ்' சேர்க்க வேண்டும். 'ஹி இஸ் செட் டு பி ரிச்' என்றால் இப்போது பணக்காரர் என்கிறார்கள். 'ஹி இஸ் செட் டு ஹேவ் பீன் ரிச்' என்றால் ஒரு காலத்தில் பணக்காரராக இருந்தார் என்று இப்போது சொல்கிறார்கள். 'ஹி வாஸ் செட் டு பி ரிச்' என்றால் பேச்சும் பழசு, பணமும் அந்தக் காலத்துப் பணம். இதை மூன்று தரம் மெதுவாகப் படித்தால் போதும், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

ஒரு வேடிக்கை. 'பீப்பிள் பிலீவ் ஹிம் டு பி ரிச்' என்று இங்கிலீஷில் தாராளமாகச் சொல்லலாம். 'பீப்பிள் சே ஹிம் டு பி ரிச்' என்று சொன்னால் தப்பு. ஆனால் அதே 'சே'யைச் செயப்பாட்டுவினையாக்கி 'ஹி இஸ் செட் டு பி ரிச்' என்றால் சரி. நேராக வராது, திரும்பினால்தான் வரும். 'ரூமர்' இன்னும் ஒருபடி மேல். 'இட் இஸ் ரூமர்ட்', 'ஹி இஸ் ரூமர்ட் டு' என்று செயப்பாட்டுவினையில் மட்டும்தான் புழங்குகிறது. 'தே ரூமர்' என்று இன்றைக்கு யாரும் எழுதுவதில்லை. வதந்தியைக் கிளப்பினேன் என்று எந்த ஊரிலும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் அல்லவா, மொழியும் அதற்குத் தோதாகவே இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். இலக்கணக்காரர்கள் இந்தக் காரணத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் டீச்சர் டிரெய்னிங் படித்தவள்தானே, பட்டிமன்றத்துக்கா போகப்போகிறேன்!

இவ்வளவு சுற்றி இங்கிலீஷ்காரர் சொல்வதை நாம் ஒரே ஒரு ஒட்டில் சொல்லிவிடுகிறோம். 'ஆம்'. 'அவர் பணக்காரராம்.' முடிந்தது. நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், எனக்குப் பொறுப்பில்லை என்பதெல்லாம் அந்த ஒட்டுக்குள் அடங்கிவிட்டது. பாட்டி கதை முழுக்க இதன் மேல்தான் ஓடும். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்.' இலக்கண நூலுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தொல்காப்பியத்தில் எத்தனையோ நூற்பாக்கள் 'என்ப' என்று, அதாவது 'என்று சொல்வார்கள்' என்று முன்னோர் மேல் பாரத்தைப் போட்டு நடக்கின்றன.

இந்த 'ஆம்' என்ன வேலை செய்கிறது என்பது அது விழுந்துபோகும்போதுதான் தெரியும். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்தார்கள். ரொம்ப வருடமாகிவிட்டது, அந்தப் பெண்ணும் பையனும் தனித்தனியே பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள், அதனால் சொல்லலாம். பையனின் ஊருக்கு விசாரிக்கப் போன சித்தப்பா, வந்து திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இது: 'பையன் நல்ல உத்தியோகத்துல இருக்கானாம். ஆனா கொஞ்சம் குடிப்பானாம்.' பஸ் ஸ்டாப் டீக்கடையில் கேட்டது அவருக்கு. இரண்டு பக்கமும் 'ஆம்' போட்டுத்தான் சொன்னார், நியாயமான மனுஷர். அது திண்ணையிலிருந்து அடுப்படிக்குப் போனது. அங்கிருந்து அடுத்த தெரு அத்தை வீட்டுக்குப் போனது. சாயங்காலம் திரும்பி வரும்போது எப்படி வந்தது தெரியுமா? 'நல்ல உத்தியோகத்துல இருக்கானாம். ஆனா குடிக்கிறான்.'

கவனித்தீர்களா? நல்லதுக்கு ஒட்டியிருந்த 'ஆம்' அப்படியே இருக்கிறது. கெட்டதுக்கு ஒட்டியிருந்த 'ஆம்' உதிர்ந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. வாய் மாறும்போது தேய்ந்துவிட்டது. இங்கிலீஷில் எழுதினால், 'ஹி இஸ் செட் டு ஹேவ் எ குட் ஜாப், பட் ஹி டிரிங்க்ஸ்.' ஒரு பக்கம் கேள்விப்பட்டது, மறுபக்கம் தீர்ப்பு. அந்தச் சம்பந்தம் அன்றோடு நின்றது. பையன் குடித்தானா இல்லையா, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைத்தானே அந்த 'ஆம்' பாவம் சொல்லிக்கொண்டிருந்தது!

இனி எதிரெதிர் வாக்கியங்களுக்கு வருவோம். 'பட்', 'ஆல்தோ', 'ஒய்ல்', 'வேர்ஆஸ்'. இந்த நாலில் ஏதாவது ஒன்றைப் போட்டு, ஒரு பக்கம் ஒரு சேதி, மறுபக்கம் அதற்கு எதிரான சேதி. 'ஆல்தோ ஹி இஸ் செட் டு பி ரிச், ஹி இஸ் நோன் டு பி எ மைசர்.' பணக்காரர் என்று பேச்சு, கஞ்சர் என்பது ஊரறிந்த விஷயம். 'ஆல்தோ' போட்டால் 'பட்' வேண்டாம் என்று நான் சாக்பீஸ் தேயத் தேயச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் ஒரு தரம் சொல்லிவைக்கிறேன். ஒருவரைப் பற்றியே இரண்டு சேதி என்றால் 'பட்'டும் 'ஆல்தோ'வும் நன்றாகப் பொருந்தும். இரண்டு பேரை அக்கம்பக்கத்தில் நிறுத்திக் காட்டுவதற்கு 'வேர்ஆஸ்' பொருத்தம்.

எவரெஸ்டை எடுத்துக்கொள்வோம். மல்லோரியும் இர்வினும் 1924 ஜூன் 8 அன்று உச்சிக்குப் பக்கத்தில் மேகத்துக்குள் மறைந்தார்கள், திரும்பவில்லை. மல்லோரியின் உடல் 1999-ல் கிடைத்தது. உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது விழுந்தார்களா, ஏறும்போதே விழுந்தார்களா என்பதற்கு உறுதியான சாட்சி இல்லை. டென்சிங்கும் ஹிலாரியும் 1953 மே 29 அன்று உச்சியில் நின்றார்கள், படம் இருக்கிறது. ஆகவே, 'மல்லோரி இஸ் பிலீவ்ட் பை சம் டு ஹேவ் ரீச்ட் த சம்மிட் இன் 1924, வேர்ஆஸ் டென்சிங் அண்டு ஹிலாரி ஆர் நோன் டு ஹேவ் ரீச்ட் இட் இன் 1953.' இங்கே 'பிலீவ்ட்', 'நோன்' இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் உலக சரித்திரமே மாறிவிடும். 'பை சம்' என்று நான் சேர்த்திருப்பதையும் பாருங்கள். எல்லோரும் நம்பவில்லை, சிலர் நம்புகிறார்கள். தேவைப்பட்டால் வாலில் ஆளைக் கட்டலாம், தடையில்லை.

'செட்', 'பிலீவ்ட்', 'தாட்', 'ரிப்போர்ட்டட்', 'அலெஜ்ட்', 'ரூமர்ட்' எல்லாம் ஒரு சாதி. எழுதுகிறவர் தன் தலையைக் கொடுக்கவில்லை. சேதி பொய்யாகிப் போனாலும் 'நான் அப்படிச் சொல்லவில்லையே, அப்படிச் சொல்கிறார்கள் என்றுதானே சொன்னேன்' என்று தப்பித்துக்கொள்ளலாம். 'நோன்' மட்டும் வேறு சாதி. 'ஹி இஸ் நோன் டு ஹேவ் டேக்கன் த மணி' என்று எழுதினால், அவன் பணத்தை எடுத்தான், அது உண்மை, நானே சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. 'ஃபவுண்ட்', 'ஷோன்', 'புரூவ்ட்' என்பவையும் அப்படித்தான். பார்ப்பதற்கு ஒரே அச்சு. 'இஸ்', நடுவில் ஒரு வினை, பிறகு 'டு'. ஒரே அச்சில் இருப்பதால்தான் ஆபத்து. வெல்லத்தோடு கருப்பட்டி கலந்த மாதிரி இல்லை, உப்பும் சர்க்கரையும் ஒரே மாதிரி டப்பாவில் இருக்கிற மாதிரி.

'சப்போஸ்டு' என்று ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'ஹி இஸ் சப்போஸ்டு டு கம் அட் நைன்' என்றால் ஒன்பது மணிக்கு வந்தாக வேண்டியவர். 'ஹி இஸ் சப்போஸ்டு டு பி எ ஜீனியஸ்' என்றால் மேதை என்று பேச்சு. இந்த இரண்டாவதைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், பின்னாலேயே ஒரு 'பட்' வரும். நம் வீட்டில் 'பெரிய படிப்பாளியாம்!' என்று அத்தை இழுத்தால் அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியாதா? அதே இழுப்புதான்.

எந்தப் பக்கத்தை முதலில் வைக்கிறோம், எதைக் கடைசியில் வைக்கிறோம் என்பதும் லேசுப்பட்டதில்லை. 'ஷி இஸ் செட் டு பி ஸ்ட்ரிக்ட், பட் இஸ் நோன் டு பி கைண்ட்' என்று என்னைப் பற்றி எழுதினால் எனக்குச் சந்தோஷம். 'ஷி இஸ் நோன் டு பி கைண்ட், பட் இஸ் செட் டு பி ஸ்ட்ரிக்ட்' என்று எழுதினால்? சொற்கள் அதேதான். ஆனால் படித்து முடித்தவர் மனதில் அந்தக் கண்டிப்புதான் தங்கும். உறுதியான சேதியை முன்னால் வைத்துவிட்டு வதந்தியால் முடித்தால், வதந்தி ஜெயித்துவிடுகிறது. (சொந்தக்காரர்களில் யார் யார் இரண்டாவது விதமாகச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.)

வகுப்பில் நேதாஜி பாடம் வரும்போதெல்லாம் ஒரு பையனாவது எழுந்து 'டீச்சர், அவர் நிஜமாவே செத்துட்டாரா?' என்று கேட்பான். 1945 ஆகஸ்ட் 18 அன்று இன்று தைபே என்கிற தைஹோகுவில் விமான விபத்தில் இறந்தார் என்று ஜப்பானியர் அறிவித்தார்கள். 1956-ல் ஷா நவாஸ் கமிட்டி அதை ஏற்றது. 1974-ல் கோஸ்லா கமிஷனும் ஏற்றது. பிறகு வந்த முகர்ஜி கமிஷன், விமான விபத்தில் அவர் இறக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. 2006-ல் அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பிக் காத்திருந்தவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள், நம் பக்கத்திலும் இருந்தார்கள்.

இதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள் பார்ப்போம். ஒருவர் எழுதுவார்: 'நேதாஜி இஸ் நோன் டு ஹேவ் டைட் இன் 1945, ஆல்தோ ஹி இஸ் ரூமர்ட் டு ஹேவ் எஸ்கேப்ட்.' இன்னொருவர் எழுதுவார்: 'நேதாஜி இஸ் அலெஜ்ட் டு ஹேவ் டைட் இன் 1945, பட் இஸ் பிலீவ்ட் டு ஹேவ் எஸ்கேப்ட்.' ஆள் ஒருவர், வருடம் ஒன்று, ஒரு சேதிகூடக் கூடவில்லை குறையவில்லை. நாலு வினைச்சொல்லைப் பார்த்தாலே எழுதியவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். வகுப்பில் நான் எழுதிப்போட்டது மூன்றாவது விதம்: 'நேதாஜி வாஸ் ரிப்போர்ட்டட் டு ஹேவ் டைட் இன் 1945, பட் வாஸ் பிலீவ்ட் பை மெனி டு பி அலைவ்.' அறிவித்தார்கள் என்பது உண்மை, பலர் நம்பினார்கள் என்பதும் உண்மை. அதற்கு மேல் பிள்ளைகளை நான் எந்தப் பக்கமும் தள்ளவில்லை.

இப்போது அந்தப் பையன் கதை. பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது தாண்டிவிட்டது. ஒரு கம்பெனியில் குடோன் பொறுப்பு. இருப்பில் சரக்கு குறைந்திருக்கிறது. ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொடுத்துவிட்டார்கள். ராத்திரி ஒன்பதரைக்குப் போன். 'டீச்சர், தூங்கிட்டீங்களா? ஒரு லெட்டர் வந்திருக்கு. எல்லாம் புரியுது, நடுவுல ஒரு வரி மட்டும் பயமா இருக்கு' என்றான். வாசிக்கச் சொன்னேன்.

'ஒய்ல் யூ ஆர் செட் டு ஹேவ் ஹேண்டட் ஓவர் த கீஸ் அட் 8 பி.எம்., யூ ஆர் நோன் டு ஹேவ் பீன் இன் த கோடவுன் டில் 10 பி.எம்.'

மூன்று நாளைக்குள் பதில் தர வேண்டும். கூட வேலை பார்க்கிற ஒருவர், 'மன்னிப்புக் கேட்டு எழுதிடு, இனிமே நடக்காதுன்னு போட்டா விட்டுடுவாங்க' என்று சொல்லி, தாளில் எழுதியே கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி.

நான் அவனிடம் இரண்டே கேள்வி கேட்டேன். 'எட்டு மணிக்கு நீ சாவியைக் கொடுத்தாய் என்று யாருப்பா சொன்னது?' 'நான்தான் டீச்சர், அன்னைக்கே எழுதிக் கொடுத்தேன்.' 'பத்து மணி வரைக்கும் நீ உள்ளே இருந்தாய் என்று?' 'வாட்ச்மேன் எழுதிக் கொடுத்திருக்கார்.' 'கேமரா?' 'அன்னைக்கு வேலை செய்யலையாம் டீச்சர்.'

அவ்வளவுதான் விஷயம். இரண்டு பேர் இரண்டு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் சொல்தான், இரண்டும் ஒரே எடை. ஆனால் வாக்கியத்தில் இவன் சொன்னதற்கு 'செட்'. வாட்ச்மேன் சொன்னதற்கு 'நோன்'. இவன் பேச்சு 'கொடுத்தானாம்', அவர் பேச்சு 'இருந்தான்'. சொன்னவர்கள் இரண்டு பேருமே வாக்கியத்தில் இல்லாததால், படிக்கிறவருக்கு இது இரண்டு மனிதர்களின் பேச்சு என்றே தெரியாது. ஒரு புரளிக்கு எதிரே ஒரு உண்மை நிற்கிற மாதிரிதான் தெரியும். இதற்குக் கீழே இவன் மன்னிப்பு என்று கையெழுத்துப் போட்டால், அந்த 'நோன்' நிஜமான 'நோன்' ஆகிவிடும்.

அந்தத் தாளை மடித்து ஓரமாக வைக்கச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் அவன் ஆபீஸ் முடிந்து வந்ததும் போனிலேயே பதிலை எழுதினோம். அதில் செயப்பாட்டுவினை ஒன்றுகூட வேண்டாம் என்றேன். யார் சொன்னது என்று நமக்குத் தெரியும்போது எதற்கு மறைக்க வேண்டும்? 'த வாட்ச்மேன் சேஸ் தட் ஐ வாஸ் இன் த கோடவுன் டில் 10. ஐ சே தட் ஐ கேவ் ஹிம் த கீஸ் அட் 8. த பஞ்சிங் மெஷின் ஷோஸ் தட் ஐ லெஃப்ட் அட் 8.12.' கடைசியில் ஒரு வரி, மரியாதையாக: பத்து மணி வரை நான் இருந்தது 'நோன்' என்று எழுதியிருக்கிறீர்கள், யாருக்கு, எதைக் கொண்டு தெரியும் என்பதைத் தயவுசெய்து தெரிவிக்க வேண்டுகிறேன். கைரேகை வைக்கிற அந்த மெஷின் ஞாபகம் அவனுக்குப் பேச்சுவாக்கில்தான் வந்தது. 'யார் சொன்னது, யார் சொன்னது' என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததில், 'மெஷினும் சொல்லும்ல டீச்சர்?' என்றான். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். இங்கிலீஷ் பீரியட் என்றால் வயிற்றுவலி வந்துவிடும் அவனுக்கு.

பத்து நாள் கழித்து இரண்டாவது மெமோ வந்தது. அதில் அந்த வரி இப்படி மாறியிருந்தது: 'யூ ஆர் அலெஜ்ட் பை த வாட்ச்மேன் டு ஹேவ் பீன் இன் த கோடவுன் டில் 10 பி.எம்., வேர்ஆஸ் யூ கிளெய்ம் டு ஹேவ் லெஃப்ட் பிஃபோர் 8.15.' விசாரணை இன்னும் முடியவில்லை. முடிவு எப்படி வரும் என்று நான் ஜோசியம் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது இரண்டு மனிதர்கள் எதிரெதிரே சமமாக நிற்கிறார்கள். 'அலெஜ்ட்' என்றால் குற்றச்சாட்டு, இன்னும் நிரூபிக்கவில்லை. அவன் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

முதல் மெமோவை எழுதியவர் வேண்டுமென்றே வஞ்சம் வைத்து எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. என் சந்தேகம் வேறு. அவரும் நம் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும், தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதியிருப்பார். நம் செய்தித்தாள்களைப் பாருங்கள். 'அமைச்சர் அடுத்த மாதம் வெளிநாடு செல்வார் எனத் தெரிகிறது.' 'குற்றவாளிகள் காரில் தப்பியிருக்கலாம் எனத் தெரிகிறது.' இந்தத் 'தெரிகிறது' எனக்கு உறுதியாகத் தெரியும் என்ற தெரிகிறது இல்லை. அப்படிக் கேள்வி, அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். 'கூறப்படுகிறது'க்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால், 'தெரியும்' என்றாலே 'நோ', 'தெரிகிறது' என்றால் 'இஸ் நோன்' என்று கை தானாகப் போய்விடும். கேள்விப்பட்டதாகத் தமிழில் கிளம்பிய சேதி, இங்கிலீஷில் போய் இறங்கும்போது தீர்ப்பாகிவிடுகிறது. அந்த இடத்தில் 'இஸ் அண்டர்ஸ்டுட் டு' என்று போட வேண்டும். பத்திரிகைக்காரர்களின் 'தெரிகிறது'க்குச் சரியான ஜோடி அதுதான். ஆபீஸில் லெட்டர் எழுதுகிற, ரிப்போர்ட் எழுதுகிற என் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். போலீஸில் இருக்கிறீர்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள், இரண்டு பேர் தலைமை ஆசிரியர் ஆகிவிட்டீர்கள். உங்களுக்காகத்தான் இந்த ஒரு பத்தியை எழுத உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் தானாக நீண்டுவிட்டது.

செயப்பாட்டுவினையே கெட்டது என்று சிலர் இப்போது எழுதுகிறார்கள், அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொன்னவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாத சந்தர்ப்பங்கள் உண்டு. ஒரு பிள்ளை வந்து 'டீச்சர், அவன் வீட்டுல அடிக்கிறாங்களாம்' என்று காதில் சொன்னால், சொன்ன பிள்ளையின் பெயரை நான் எழுத முடியுமா? 'த பாய் இஸ் செட் டு ஹேவ் பீன் பீட்டன் அட் ஹோம், ஆல்தோ ஹி இஸ் நாட் நோன் டு ஹேவ் கம்ப்ளெய்ண்ட்.' இப்படி எழுதினால் சொன்ன குழந்தைக்கும் பாதுகாப்பு, சேதியும் மேலே போய்ச் சேரும். இங்கே 'ஆம்' இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, 'நோன்' இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. 'நாட் நோன் டு' என்றால் செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை, செய்ததாக நமக்குத் தகவல் இல்லை என்று அர்த்தம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, உலை கொதிக்கிறது. வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட்டால் உங்களுக்கே தூக்கம் வராது. இரண்டே இரண்டு.

ஒன்று. சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். 2003-ல் விண்வெளிக்குப் போய் வந்த சீன வீரர் யாங் லிவெய், தனக்கு அது தெரியவில்லை என்று சொன்னார். இரண்டையும் ஒரே வாக்கியமாக்குங்கள். யாங் லிவெய் ஒருவர் சொன்னதற்கு எந்த வினை போடுவது, 'நோன்' போடலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

இரண்டு. மேலே சொன்ன வரன் விஷயம். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து சொன்னாரே, அதை அவர் சொன்ன மாதிரியே, இரண்டு 'ஆம்'மும் சிந்தாமல் இங்கிலீஷில் எழுதுங்கள். 'ஆல்தோ' போட்டுவிட்டு நடுவில் 'பட்'டும் போடுகிறவர்களுக்கு மார்க் கிடையாது, சொந்தக்காரர்களாக இருந்தாலும் சரி.